இடிப்பதற்கு முன்: பழைய கட்டடத்தையும் பழைய பொருளையும் மறுபடி பயன்படுத்தும் முறை

பூர்விக வீட்டை இடித்துக் கட்டுவதா, பழுதுபார்த்துக் குடியிருப்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், புது வீட்டில் பழைய கதவு, ஓடு, செங்கல் போட நினைப்பவர்களுக்கும் இந்த அத்தியாயம். இடிப்பதென்று முடிவு செய்துவிட்டவர்களும் படியுங்கள். எப்படி இடிக்கிறோம் என்பதிலும் மிச்சப்படுத்த நிறைய இருக்கிறது.

ஒரு வீட்டில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த வீட்டைக் கட்டுவதற்கே எவ்வளவு எரிபொருள் செலவானது என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. காளவாசலில் செங்கல் சுட எரித்த விறகு, சிமெண்ட் ஆலையில் எரித்த நிலக்கரி, கம்பியை உருக்கிய உலை, இவற்றைச் சுமந்து வந்த லாரிகளின் டீசல் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வீட்டில் உட்பொதிந்த ஆற்றல். வீடு கட்டி முடித்த அன்றே அது முழுவதும் செலவாகிவிட்டது. வீடு நிற்கும்வரை அந்தச் செலவுக்குப் பலன் கிடைத்துக்கொண்டிருக்கும். இடித்தால் பலன் நின்றுபோகிறது. அதே செலவை இன்னொரு முறை முதலிலிருந்து செய்கிறோம்.

முதலில் கணக்கு

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வெங்கடராம ரெட்டியும் ஜகதீஷும் நம் நாட்டுப் பொருள்களுக்கான ஆற்றல் கணக்கை 2003இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து நமக்கு வேண்டிய எண்கள்:

- செங்கல், ஒன்றுக்கு: 4.25 மெகாஜூல்
- சிமெண்ட், கிலோவுக்கு: 5.85 மெகாஜூல்
- சுண்ணாம்பு, கிலோவுக்கு: 5.63 மெகாஜூல்
- கண்ணாடி, கிலோவுக்கு: 25.8 மெகாஜூல்
- இரும்புக் கம்பி, கிலோவுக்கு: 42 மெகாஜூல்
- அலுமினியம், கிலோவுக்கு: 236.8 மெகாஜூல்
- செங்கல் சுவர், கன மீட்டருக்கு: 2,141 மெகாஜூல்
- கான்கிரீட் கூரைத்தளம், சதுர மீட்டருக்கு: 730 மெகாஜூல்
- மங்களூர் ஓட்டுக்கூரை, சதுர மீட்டருக்கு: 227 மெகாஜூல்

ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3.6 மெகாஜூல். அதை அனல்மின் நிலையத்தில் தயாரிக்க ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பம் வேண்டும். அப்படிப் பார்த்தால், மாதம் 200 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்காக ஆண்டுக்குச் சுமார் 26,000 மெகாஜூல் அளவுக்கு எரிபொருள் எரிகிறது.

இப்போது ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். 60 சதுர மீட்டர், அதாவது 650 சதுர அடிக்குச் சற்றுக் குறைவான, ஒன்பது அங்குலச் சுவர் கொண்ட ஓட்டு வீடு. சுவர் மட்டும் 40 கன மீட்டர் இருக்கும். அதை இடிக்காமல் வைத்துக்கொண்டால், புதுச் சுவருக்கு ஆகக்கூடிய 85,640 மெகாஜூல் மிச்சம். சுமார் 290 மூட்டை சிமெண்ட் தயாரிக்க ஆகும் ஆற்றல் அது. ஓட்டுக்கூரையையும் பழுதுபார்த்துக்கொண்டு, கான்கிரீட் தளம் போடுவதைத் தவிர்த்தால் மேலும் 43,800. இரண்டும் சேர்ந்தால், மேலே சொன்ன குடும்பத்தின் ஐந்தாண்டு மின்சாரத்துக்கு ஈடு. அஸ்திவாரத்தையும் தரையையும் இதில் சேர்க்கவே இல்லை.

"புது வீடு கட்டினால் மின்சாரம் மிச்சமாகுமே" என்பது நியாயமான கேள்வி. அந்த மிச்சத்தைப் பழைய வீட்டிலேயே பெறலாம். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெளிர்நிறத் தட்டோடோ போடுவது, மேற்கு ஜன்னலுக்கு நிழல் தருவது, அடைத்துப்போட்ட முற்றத்தைத் திறந்துவிடுவது ஆகியவற்றுக்கு ஆகும் ஆற்றல், ஒரு வீட்டை இடித்துக் கட்டும் ஆற்றலோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

நான்கு படிகள்: இந்த வரிசையை மாற்றாதீர்கள்

1. முழுக் கட்டடத்தையும் வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.
2. முடியாவிட்டால் அஸ்திவாரம், சுவர், தூண், தளம் ஆகியவற்றையாவது வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள்.
3. அதுவும் முடியாவிட்டால் நிலை, கதவு, உத்திரம், ஓடு, செங்கல், கல் ஆகியவற்றை உருக்குலையாமல் பிரித்தெடுங்கள்.
4. மிஞ்சியதை மட்டும் உடைத்து ஜல்லியாக்குங்கள், உலைக்கு அனுப்புங்கள்.

ஒவ்வொரு படி இறங்கும்போதும், ஏற்கெனவே செலவழித்த ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கிறோம். இன்று பெரும்பாலான மனைகளில் ஜே.சி.பி. நேராக நான்காம் படிக்குப் போய்விடுகிறது. முதல் மூன்று படிகளைப் பற்றி உரிமையாளரிடம் யாரும் பேசுவதே இல்லை.

முதல் இரண்டு படிகளும் எவ்வளவு தூரம் சாத்தியம் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபின் அரண்மனையில் ஒரு பகுதியாக இருந்த கலசமகால் 2012 ஜனவரியில் தீயில் கருகியது. சுவர் நின்றது, கூரை போனது. அதைச் சுண்ணாம்புக் காரை கொண்டே சீரமைத்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அங்கேதான் நடக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் இது பொருந்தும். பிரான்சின் போர்தோ நகரில் 1960களில் கட்டிய மூன்று குடியிருப்புத் தொகுதிகளில் 530 வீடுகள் இருந்தன. கட்டடக் கலைஞர்கள் லக்காத்தோனும் வஸ்ஸாலும் தம் கூட்டாளிகளோடு சேர்ந்து, அவற்றை இடிக்காமல் வெளிப்பக்கமாகப் புதிய தளங்களைச் சேர்த்து ஒவ்வொரு வீட்டையும் விரிவாக்கினார்கள். குடியிருந்தவர்கள் வேலை நடக்கும்போதும் அங்கேயே இருந்தார்கள். இந்த இருவருக்கும் 2021இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது.

கட்டடம் தாங்குமா?

வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐம்பது ஆண்டுச் சுண்ணாம்புச் சுவர் உறுதியாக இருக்கும். கடற்கரை ஓரத்து இருபது ஆண்டுக் கான்கிரீட் தூண் உள்ளே துருப்பிடித்திருக்கும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். இடிப்பு ஒப்பந்தமோ புதுக் கட்டுமான ஒப்பந்தமோ எதிர்பார்க்காத பொறியாளராக இருப்பது நல்லது. அவர் வருவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை:

*சுவர் விரிசல்.* பூச்சில் மட்டும் இருக்கும் மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். செங்கல்லையே பிளந்துகொண்டு போகிறதா, சுவரின் மறுபக்கத்திலும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதியை எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். கண்ணாடி உடையவில்லை என்றால் அது பழைய விரிசல், அடைத்துவிடலாம். உடைந்தால் அஸ்திவாரம் இன்னும் நகர்கிறது என்று பொருள். களிமண் பூமியில் இது அடிக்கடி நடக்கும்.

*மெட்ராஸ் டெரஸ்.* தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் செங்கல்லைச் சாய்வாட்டமாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, செங்கல் ஜல்லிக் காரை போட்ட மாடி இது. முதலில் கெடுவது கட்டையின் நடுப்பகுதி அல்ல. சுவருக்குள் புதைந்திருக்கும் முனை. ஓதம் அங்கேதான் தங்கும். சுவரை ஒட்டினாற்போல் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கட்டையைக் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் ஸ்க்ரூ டிரைவர் ஒரு நூல்கூட இறங்காது. மெத்தென்று உள்ளே போனால் கட்டையின் முனை போய்விட்டது. ஆனாலும் கட்டை முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. கெட்ட முனையை அறுத்துப் புது மரம் கோக்கலாம், அல்லது சுவரோரமாக இரும்பு உத்திரம் கொடுத்துத் தாங்கலாம்.

*கான்கிரீட்.* கீழ்ப்பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறதா? தட்டினால் பொள்ளல் சத்தம் வருகிறதா? துரு ஓரிரு இடத்தில் மட்டும் இருந்தால், கெட்ட கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேவைப்படும் இடத்தில் கூடுதல் கம்பி சேர்த்து, பழுதுநீக்கும் காரையால் மூடலாம். தளத்தின் வலிமையில் சந்தேகம் இருந்தால் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் சுமைச் சோதனையைப் பொறியாளரிடம் கேளுங்கள். தளத்தின் சொந்த எடையோடு, பயன்பாட்டுச் சுமையின் 1.25 மடங்கை 24 மணி நேரம் ஏற்றி வைத்து, இறக்கிய பின் தளம் எவ்வளவு நிமிர்கிறது என்று அளப்பார்கள்.

அஸ்திவாரம் தொடர்ந்து இறங்குகிறது, தூண்களெல்லாம் துருவேறிவிட்டன என்று அறிக்கை வந்தால் தயங்காமல் இடியுங்கள். உயிரைவிட எந்தச் சேமிப்பும் பெரிதில்லை. அப்போதும் மூன்றாம் படி உங்களுக்குத் திறந்தே இருக்கிறது.

பழுதுபார்க்கும்போது

சுண்ணாம்பில் கட்டிய சுவரைச் சிமெண்டால் பூசாதீர்கள். பழைய சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைப் பூச்சின் வழியே வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் மேலே ஏறும், உப்புப் பூக்கும், சில ஆண்டில் பூச்சு தட்டுத்தட்டாகப் பெயரும். சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். மின்வயரிங்கையும் தண்ணீர்க் குழாயையும் முழுவதும் மாற்றிவிடுங்கள். இவற்றில் பழசைக் காப்பாற்றப் பார்ப்பது ஆபத்து. மேலே ஒரு மாடி கட்ட ஆசைப்பட்டால், அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துப் பொறியாளர் சொல்லும்வரை பொறுங்கள்.

இடிப்பு ஒப்பந்தம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது

நம் ஊர் வழக்கம் இது: இடிப்பு ஒப்பந்ததாரர் மரத்தையும் கம்பியையும் தாமே எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக உரிமையாளருக்கு ஒரு தொகை தருவார், அல்லது இடிப்புக் கூலியைக் குறைத்துக்கொள்வார். காலி மனையைச் சீக்கிரம் கொடுப்பதுதான் அவருக்கு முக்கியம். ஜே.சி.பி. சில நாளில் முடித்துவிடும் வேலையை ஆட்கள் கையால் பிரித்தால் வாரக்கணக்கில் ஆகும். உங்களுக்கு அவசரம் என்றால் செங்கல் தூளாகும், ஓடு நொறுங்கும். எனவே கட்டுமானம் தொடங்கும் தேதியைக் குறிக்கும்போதே பிரிப்பதற்கும் நாள் ஒதுக்குங்கள். ஒப்பந்தத்தில் இவற்றை எழுதுங்கள்:

- உங்களுக்கு வேண்டிய பொருள்களின் பட்டியல், எண்ணிக்கையோடும் புகைப்படத்தோடும்.
- கட்டிய வரிசைக்கு நேர்மாறாக, மேலிருந்து கீழே பிரிப்பது: முதலில் கதவு, ஜன்னல், மின்சாமான், பிறகு ஓடு, ரீப்பர், கைமரம், பிறகு உத்திரம், கடைசியில் சுவர்.
- கூரையும் மரமும் இறங்கும்வரை இயந்திரம் மனைக்குள் வரக்கூடாது.
- பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால், அதற்கு முட்டுக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்பது.
- இடிபாடு எங்கே கொட்டப்படும் என்பது. ஏரியிலும் வாய்க்காலிலும் கொட்டக்கூடாது.
- வேலையாட்களுக்குத் தலைக்கவசம், கையுறை, முகக்கவசம்.

வீட்டையே முழுசாகப் பிரித்து வேறிடத்தில் நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். 1996இல் திறக்கப்பட்ட முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் இருக்கும் பல வீடுகள் தென்மாநில ஊர்களில் இடிபட இருந்தவை. அவற்றைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உத்திரம் தூணில் எப்படி உட்காருகிறது, எதை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் கண்ணால் பார்த்தால் புரிந்துவிடும்.

பொருள் பொருளாக

*செங்கல்.* பழைய செங்கல் முழுசாகத் திரும்பக் கிடைக்குமா என்பதை அது எந்தக் காரையில் பதிக்கப்பட்டது என்பதே முடிவு செய்கிறது. சுண்ணாம்பிலோ மண்ணிலோ பதித்த செங்கல் லேசாகத் தட்டினாலே கழன்று வரும். ஒட்டிய காரையைக் கொத்துக் கரண்டியின் விளிம்பால் சுரண்டினால் உதிர்ந்துவிடும். அழுத்தமான சிமெண்ட் கலவையில் பதித்தது அப்படி வராது. காரைக்கு முன்னால் செங்கல் உடையும். எடைக்கு எடை பார்த்தால் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுண்ணாம்பின் பெரிய லாபம், செங்கல்லை அடுத்த தலைமுறைக்கு முழுசாகத் திருப்பிக் கொடுப்பது.

எடுத்த செங்கல்லை இப்படிச் சோதியுங்கள். இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. இடுப்பளவு உயரத்திலிருந்து மண்தரையில் போட்டால் உடையக்கூடாது. உலர்ந்த செங்கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி போடுங்கள். எடை 20 விழுக்காட்டுக்கு மேல் கூடக்கூடாது. சுமை தாங்கும் சுவருக்கு என்றால் ஆய்வகத்தில் அழுத்த வலிமைச் சோதனையும் செய்யுங்கள். தேறாதவற்றைச் சுற்றுச்சுவர், தரைவரிசை, மாடிக் காரைக்கான செங்கல் ஜல்லி என்று பயன்படுத்துங்கள். பழைய செங்கல் அளவில் ஒன்றுபோல் இராது. அளவுவாரியாக அடுக்கி வைத்து, ஒரு சுவருக்கு ஒரே அளவு எடுங்கள்.

தூரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மேலே சொன்ன ஆய்வுப்படி, ஒரு கன மீட்டர் செங்கல்லை 100 கி.மீ. லாரியில் கொண்டுவர 200 மெகாஜூல். புதிதாகச் சுட 2,550.

*மரம்.* காரைக்குடியிலும் மற்ற ஊர்களின் பழைய மரக்கடைகளிலும் நிலை, கதவு, தூண், உத்திரம் கிடைக்கும். பல ஆண்டு உலர்ந்த தேக்கு இனி அதிகம் சுருங்காது, முறுக்காது. வாங்கும்போது ஆசாரி ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அடிப்பக்கத்தையும் சுவரைத் தொட்ட பக்கத்தையும் குத்திப் பாருங்கள். கரையான் அங்கேதான் ஏறியிருக்கும். பெயின்ட் அடித்த மரத்தில் ஒரு மூலையைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். அறுவை மில்லுக்கு அனுப்புமுன் எல்லா ஆணியையும் பிடுங்குங்கள். முக்கியமாக, கதவும் ஜன்னலும் கைக்கு வந்த பிறகே வரைபடத்தை முடியுங்கள். கதவுக்கு ஏற்றபடி சுவரில் வாசல் விடலாம். வாசலுக்கு ஏற்றபடி பழைய கதவை அறுத்தால் அது கெட்டுப்போகும்.

*ஓடு.* பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய பிறகு பல நிறுவனங்கள் மங்களூர் ஓட்டைச் செய்தன. ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். செய்தவர் பெயர் அச்சாகியிருக்கும். வேறு வேறு பெயர் கொண்ட ஓடுகளின் பள்ளமும் மேடும் ஒன்றோடொன்று சரியாகக் கவ்வாது, மழையில் ஒழுகும். ஆகவே ஒரு கூரைக்கு ஒரே முத்திரை ஓடாகச் சேருங்கள். பாசியைத் தென்னை நார் போட்டுத் தேய்த்தாலே போகும். முத்திரை கலந்து மிஞ்சுகிற ஓடுகளை ஃபில்லர் ஸ்லாபுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கம்பிகளுக்கு நடுவில் கான்கிரீட்டுக்குப் பதிலாக ஓட்டை வைத்தால் சிமெண்ட் குறையும், எடையும் குறையும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய இந்த முறையைப் பழகிய பொறியாளரைக் கொண்டு செய்யுங்கள்.

*கல்.* கருங்கல் படி, திண்ணைத் தூண், கடப்பாக் கல் எதற்கும் கெடு கிடையாது. அஸ்திவாரக் கல்லைப் புது அஸ்திவாரத்துக்கே பயன்படுத்தலாம்.

*இரும்பும் அலுமினியமும்.* இடித்து எடுத்த கம்பியை நிமிர்த்தித் தூண், உத்திரம், தளம் எதிலும் போடாதீர்கள். வளைந்து நிமிர்ந்த இடம் பலவீனம். துருவால் கனமும் குறைந்திருக்கும். அது உலைக்குப் போகட்டும். ஜன்னல் கிராதியையும் இரும்புக் கேட்டையும் அப்படியே பயன்படுத்தலாம். அலுமினியச் சட்டத்தைக் குப்பையில் விடாதீர்கள். அதை உருக்கி மறுபடி வார்க்க, தாதுவிலிருந்து எடுப்பதில் ஏறக்குறைய 5 விழுக்காடு ஆற்றலே போதும்.

*இடிபாடு.* கான்கிரீட், செங்கல் காரை, மண், மற்றவை என்று தனித்தனியாகக் குவியுங்கள். கலந்துவிட்டால் எதற்கும் உதவாது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டைப் பதப்படுத்தும் ஆலைகள் உள்ளன. உடைத்த பழைய கான்கிரீட் ஜல்லியைக் கம்பியில்லாத சாதாரணக் கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையிலும், எம்25 தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையிலும், எம்15 தரத்துக்குக் குறைந்த அடித்தளக் கான்கிரீட்டில் முழுவதுமாகவும் பயன்படுத்த 2016இல் திருத்திய ஐ.எஸ். 383 இடம் தருகிறது.

மறுபடி பயன்படுத்தக்கூடாதவை

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவோ அறுக்கவோ துளைக்கவோ கூடாது; அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். நனைத்து, முழுசாக இறக்கி, தனியே அப்புறப்படுத்துங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், நெருப்புக் காட்டி உரிக்காதீர்கள். நனைத்துச் சுரண்டி, தூளைச் சேர்த்துக் கட்டுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு

இன்று நீங்கள் கட்டுவதை நாளை ஒருவர் பிரிப்பார். தாழ்வான கட்டடத்தின் சுவருக்குத் தேவைக்கு மேல் அழுத்தமான சிமெண்ட் கலவை கேட்காதீர்கள். பொறியாளர் சம்மதித்தால் சுண்ணாம்பு சேர்த்துக்கொள்ளுங்கள். மரத்தை ஆணிக்குப் பதில் திருகாணியாலும் போல்ட்டாலும் இணையுங்கள். குழாயையும் வயரையும் சுவருக்குள் புதைக்காமல் திறந்து பார்க்கும்படி வையுங்கள். வரைபடத்தையும் கம்பி விவரத்தையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். எதிர்காலத்தில் ஒரு பொறியாளர் "இது தாங்கும்" என்று துணிந்து சொல்ல அந்தத் தாள்கள்தான் உதவும்.

செய்யவேண்டிய வரிசை

1. வீட்டை அறை அறையாகப் புகைப்படம் எடுத்து, பொருள்களைப் பட்டியலிடுங்கள்.
2. விரிசலுக்குக் கண்ணாடி ஒட்டுங்கள். மரத்தைக் குத்திப் பாருங்கள்.
3. பொறியாளரின் எழுத்து அறிக்கையை வாங்குங்கள்.
4. பழுதுபார்க்க ஆகும் செலவையும் புதிதாகக் கட்ட ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மேலே உள்ள எண்களை வைத்து ஆற்றல் கணக்கையும் அருகில் போடுங்கள்.
5. முதல் படியிலிருந்து தொடங்கி, எந்தப் படியில் நிற்க முடியும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.
6. பிரிப்பதாக முடிவானால், பொருள்களைச் சேர்த்து வைக்க மழை படாத இடம் பாருங்கள்.
7. இடிப்பு ஒப்பந்ததாரரைக் கடைசியாக அழையுங்கள்.

பெரும்பாலோர் ஏழாவதிலிருந்து தொடங்குகிறார்கள். இழப்பு அங்கேதான் ஆரம்பமாகிறது. மற்ற ஆறையும் முதலில் செய்யுங்கள். அவற்றுக்கு அதிகம் செலவாகாது. இடிப்பதென்றே கடைசியில் முடிவானாலும், எதை இழக்கிறோம், எதைக் காப்பாற்றினோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.